புறக்கடைக் கோழிகளும் செள் ஒழிப்பும்

இந்தியாவில் 2019ஆம் ஆண்டு எடுக்கப்பட்ட 20ஆவது கால்நடைக் கணக்கெடுப்பு, கோழி, வாத்து முதலிய வளர்ப்புப் பறவைகளின் தொகையை 85 கோடியே 18 லட்சம் எனக் காட்டியது. இவற்றுள் 31 கோடியே 70 லட்சம் பறவைகள் வீட்டுப் புறக்கடைகளில் வளர்பவை. 2012ஆம் ஆண்டுக் கணக்கெடுப்போடு ஒப்பிடுகையில், பெரும் பண்ணைகளின் பறவைகள் 4.5 சதவீதமே பெருகியிருக்க, புறக்கடைப் பறவைகள் 45.8 சதவீதம் பெருகின. மத்திய, மாநில அரசுகளின் திட்டங்களும், ஆராய்ச்சி நிலையங்கள் உருவாக்கித் தந்த இனங்களும் இதற்குத் துணை நின்றன. அவற்றினும் மேலாக இதன் பின்னே நிற்பது கிராமப் பெண்களின் உழைப்பாகும். நிலமற்ற குடும்பங்களில் பெண்ணின் கைக்கு நேரே வந்து சேரும் காசு பெரும்பாலும் முட்டைக் காசுதான்.

இவ்வருவாயைக் குறைக்கும் பகைகள் பல. வெள்ளைக்கழிச்சல் எனப்படும் இராணிக்கேட் நோய், தடுப்பூசி போடாத ஊர்க் கோழிகளைச் சில நாட்களிலேயே வாரிக்கொண்டு போய்விடும். அதன் கொடுமை கண்கூடாகத் தெரிவதால் தடுப்பூசிப் பழக்கம் கிராமங்களில் ஓரளவு வேரூன்றியுள்ளது. செள்ளின் நிலை வேறு. ஒரு மில்லி மீட்டர் நீளத்தைத் தாண்டாத இச்சிற்றுயிர் கோழியை உடனே கொல்வதில்லை. சிறிது சிறிதாக இரத்தத்தைக் குடித்து, முட்டையைக் குறைத்து, அடையைக் கலைத்து, குஞ்சுகளை வெளிறச் செய்து மடிய வைக்கிறது. இவ்விழப்பு எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. கோழிக்கு வயதாகிவிட்டது என்றோ, கண்ணேறு பட்டது என்றோ, தீனி போதவில்லை என்றோ காரணம் கூறப்படுகிறது. செள்தான் என்று கண்டுகொண்டவர்களும் ஏதேனும் ஒரு தூளைக் கோழியின்மேல் தூவிவிட்டு அமைகின்றனர். பத்து நாட்களில் தொல்லை மீண்டும் தலைகாட்டுகிறது. பல இடங்களில் மருந்தின்மேல் பழி விழுகிறது. உண்மையில் மருந்து சேர வேண்டிய இடத்தில் சேரவில்லை.

பேனா, செள்ளா, உண்ணியா?

கிராம வழக்கில் பேன், செள், உண்ணி ஆகிய மூன்றும் பல வேளைகளில் ஒன்றாகவே பேசப்படுகின்றன. ஆனால் சிகிச்சைக்கு இவ்வேறுபாடு இன்றியமையாதது. பேன் ஆறு கால்களை உடைய பூச்சி. அது தன் வாழ்நாள் முழுவதையும் கோழியின் உடலிலேயே கழித்து, இறகையும் தோலின் செதிள்களையும் தின்று வாழ்கிறது. செள்ளும் உண்ணியும் வளர்ந்த நிலையில் எட்டுக் கால்களை உடையவை; சிலந்தியின் உறவினம். நூல்களில் செள் ‘சிற்றுண்ணி’ எனக் குறிக்கப்படுவதும் உண்டு.

புறக்கடைக் கோழிகளைத் தாக்கும் செள்களுள் மூன்று முக்கியமானவை. முதலாவது, டெர்மனிசஸ் காலினே என்னும் சிவப்புச் செள். இது பகலில் கூண்டின் இடுக்குகளில் ஒளிந்திருந்து, இரவில் மட்டுமே கோழியின்மேல் ஏறும். இரண்டாவது, ஆர்னிதோனிசஸ் பர்சா என்னும் வெப்பமண்டலக் கோழிச் செள். இது கோழியின் உடலிலும் அது அடையிருக்கும் கூட்டிலும் இரவு பகல் என்றில்லாமல் வாழ்கிறது. மூன்றாவது, நெமிடோகாப்டிஸ் மியூடன்ஸ் என்னும் கால் செள். இது கால் செதிள்களுக்கு அடியில் தோலைத் துளைத்துச் சென்று அங்கேயே பெருகுகிறது. ஒன்று கூண்டில், ஒன்று உடலிலும் அடைக்கூட்டிலும், ஒன்று தோலுக்குள் எனக் குடியிருப்பு வேறுபடுவதால், ஒரே மருந்தை ஒரே முறையில் இட்டு மூன்றையும் ஒழிக்க இயலாது.

சிவப்புச் செள்ளின் வாழ்க்கை

மூன்றனுள் தந்திரம் மிக்கது சிவப்புச் செள் எனலாம். இரத்தம் குடிக்காதபோது இது சாம்பல் நிறமாக இருக்கும். குடித்த பின்னரே சிவக்கும். கோழிகள் அடைந்து இருள் சூழ்ந்தபின் இடுக்குகளிலிருந்து வெளிவந்து, கழியின் வழியே ஊர்ந்து கோழியை அடைகிறது. அரை மணி முதல் ஒரு மணி நேரத்திற்குள் வயிறு நிறையக் குடித்துவிட்டு மீண்டும் இடுக்குக்கே திரும்பிவிடுகிறது. அங்குதான் அது முட்டையிடுகிறது. ஒவ்வொரு முறை குடித்த பின்னும் ஒரு பெண் செள் 4 முதல் 8 முட்டைகள் வரை இடக்கூடும். வெப்பநிலை 25 முதல் 30 பாகை செல்சியஸாக இருந்து ஈரமும் சேர்ந்திருந்தால், முட்டை பொரிந்து முழு வளர்ச்சி பெற்ற செள்ளாவதற்கு ஏழு நாட்களே போதும். இந்தியக் கிராமங்களில் ஆண்டின் பெரும்பகுதி இத்தகைய வெப்பநிலை நிலவுவதை நினைவிற் கொள்ள வேண்டும்.

கடுமையாகப் பீடிக்கப்பட்ட முட்டைக்கோழி ஓர் இரவில் தன் இரத்தத்தில் 3 சதவீதத்துக்கும் மேல் இழக்கக்கூடும் என ஐரோப்பிய ஆய்வுகள் கணக்கிட்டுள்ளன. ஒன்றேகால் கிலோ எடையுள்ள நாட்டுக் கோழியின் உடலில் ஏறத்தாழ 90 மில்லி லிட்டர் இரத்தம் இருக்கும். அதில் இரவுதோறும் மூன்று மில்லி லிட்டர் குறைந்தால், பகல் முழுதும் மேய்ந்து தேடும் புழுவும் தானியமும் அவ்விழப்பை ஈடுசெய்யவே செலவாகிவிடும். கொண்டை வெளிறுதல், முட்டை குறைதல், ஓட்டின்மீது சிவப்புப் புள்ளிகள் காணப்படுதல் ஆகியவை அதன்பின் வரும் அறிகுறிகள். மாலையில் கூண்டுக்குள் நுழைய மறுத்து மரத்திலோ கூரையிலோ சென்று தங்கும் கோழியை மக்கள் ‘அடங்காத கோழி’ என்பர். பல வேளைகளில் அக்கோழி தன் உயிரைக் காத்துக்கொள்ளவே வெளியேறுகிறது. அங்கே அதைக் காட்டுப்பூனை பிடித்தால் அவ்விழப்பு பூனையின் கணக்கில் எழுதப்படுகிறது.

கூண்டைச் சில வாரங்கள் காலியாக விட்டால் செள் பட்டினியால் மடிந்துவிடும் என்பது பரவலான நம்பிக்கை. ஆய்வுக்கூடத்தில் குளிர்ந்த நிலையில் வைக்கப்பட்ட செள்கள் உணவின்றி எட்டு மாதங்களுக்கு மேலும் உயிரோடு இருந்துள்ளன. வெப்பமும் வறட்சியும் மிகுந்த இடங்களில் இக்காலம் வெகுவாகக் குறையும் என்பது உண்மையே. எனினும், பழைய கோழிகளை விற்றுவிட்டு இரண்டு மூன்று வாரம் கழித்துப் புதுக் குஞ்சுகளை அதே கூண்டில் விடும் குடும்பம், பசித்துக் காத்திருக்கும் கூட்டத்தின் நடுவே அவற்றை விடுகிறது என்றே கொள்ள வேண்டும்.

கோழி உண்ணியும் இரவில் வந்து குடித்துவிட்டு இடுக்கில் ஒளியும் பழக்கமுடையதே. ஆர்காஸ் பெர்சிகஸ் என்னும் இவ்வுண்ணி செள்ளைவிடப் பன்மடங்கு பெரியது. கண்ணுக்கு எளிதில் புலப்படும். உணவின்றி ஆண்டுக்கணக்கில் வாழக்கூடியது. ஸ்பைரோகீட் என்னும் சுருள் கிருமியால் வரும் காய்ச்சலையும் இது கோழிகளுக்குப் பரப்புகிறது. செள்ளுக்காகக் கூண்டைச் சீர்செய்யும் அதே உழைப்பு உண்ணியையும் குறைத்துவிடும் என்பதால் இதற்குத் தனியே விரிவான விளக்கம் தேவையில்லை.

அடைக்கூட்டில் மூன்று தலைமுறை

வெப்பமண்டலக் கோழிச் செள்ளின் கேடு மிகுதியாகத் தெரிவது அடைக்கோழியில்தான். வனராஜா, கிராமப்பிரியா போன்ற மேம்படுத்தப்பட்ட இனங்கள் ஐதராபாத்தில் உள்ள கோழியின ஆராய்ச்சி நிலையத்தால் உருவாக்கப்பட்டவை. இவை நாட்டுக் கோழியைவிட மிகுதியாக முட்டையிடும். ஆனால் அடையிருப்பது அரிது. எனவே கிராமத்தில் குஞ்சு பொரிக்கும் பொறுப்பு இன்றும் நாட்டுப் பெட்டையின்மேல்தான் விழுகிறது. தன் ஈட்டில் பன்னிரண்டு முட்டைகளின்மேல் அது 21 நாட்கள் அமர்ந்திருக்கிறது. நாளொன்றுக்குச் சிறிது நேரமே இறங்கித் தீனி கொத்துகிறது. மற்ற நாட்களில் புழுதியில் புரண்டும் அலகால் கோதியும் செள்ளை ஓரளவு உதறிவந்த கோழி, அடைக்காலத்தில் அப்பழக்கத்தைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறது.

இங்கே ஒரு சிறு கணக்கு பயன்படும். இச்செள்ளின் ஒரு தலைமுறை முடிய ஏறத்தாழ ஒரு வாரம் ஆகிறது. அடைக்காலம் மூன்று வாரம். எனவே அடையின் முதல் நாளில் கூட்டில் இருந்த சில செள்கள், குஞ்சு பொரிக்கும் நாளில் மூன்று தலைமுறைகளைக் கடந்து, வைக்கோல் முழுதும் ஊரும் ஆயிரக்கணக்கான கூட்டமாகிவிடுகின்றன. தாய்க்கோழி அரிப்பும் சோர்வும் தாங்காமல் 15ஆவது நாளிலோ 18ஆவது நாளிலோ எழுந்துவிட்டால், ஈடு முழுதும் கூழ்முட்டையாகிறது. அது பொறுத்து அமர்ந்திருந்தாலோ பொரிந்த குஞ்சுகளின்மேல் செள் தாவுகிறது. 35 கிராம் எடையுள்ள குஞ்சின் உடலில் உள்ள இரத்தம் சில மில்லி லிட்டரே. சிறகு தொங்கி, கண் மூடி நின்று, முதல் வாரத்திலேயே குஞ்சுகள் ஒவ்வொன்றாக மடிகின்றன.

இதைத் தடுப்பதற்கு ஆகும் செலவு அற்பம். அடை வைப்பதற்கு முன், கோழியின் எருவாய்ப் பகுதியையும் சிறகின் அடிப்பகுதியையும் பிரித்துப் பார்த்துச் செள் இருந்தால் நீக்க வேண்டும். பழைய வைக்கோலைப் போடாமல், வெயிலில் காய்ந்த மணலையோ புதிய வைக்கோலையோ கூட்டில் பரப்ப வேண்டும். கூடை பழையதாயின் கொதிநீர் ஊற்றிக் காயவைத்த பின்னரே பயன்படுத்த வேண்டும். அடையின் ஏழாம் நாளிலும் பதினான்காம் நாளிலும், கோழி தீனிக்கு இறங்கும் வேளையில் வைக்கோலை மாற்றிவிட்டால் தலைமுறைச் சங்கிலி அறுந்துவிடும். முட்டைகளைக் கலைக்கக்கூடாது என்னும் அச்சத்தால் இதைப் பலர் செய்வதில்லை. முட்டைகளை மெதுவாக எடுத்து, சில நிமிடங்களில் திரும்ப வைப்பதால் கருவுக்குக் கேடு விளைவதில்லை. தாய்க்கோழி இறங்கும் நேரத்தில் முட்டை ஆறுவது இயல்பாக நிகழ்வதே. வேப்பிலை இடும் வழக்கம் நல்லது. ஆனால் அது மட்டுமே போதாது. சில பகுதிகளில் இடிக்கு அஞ்சி இரும்புத் துண்டும் கரியும் அடைக்கூட்டில் வைக்கப்படுகின்றன. அதனால் தீங்கில்லை, செள்ளுக்கும் அதனால் தடையில்லை. குஞ்சுகள் இறங்கிய அன்றே கூட்டு வைக்கோலை எரித்துவிட வேண்டும். அதைக் குப்பைமேட்டில் கொட்டுவது, அங்கே கிளறவரும் கோழிகள் அனைத்திற்கும் செள்ளைப் பகிர்ந்தளிப்பதாகும்.

அடைக்கோழியை அண்டை வீட்டாருக்குக் கடனாகக் கொடுப்பதும், கோழியைப் பங்குக்கு வளர்க்கக் கொடுப்பதும் நாட்டின் பல பகுதிகளில் உள்ள நல்ல வழக்கங்கள். கோழியோடு செள்ளும் கடனாகச் செல்வதால், ஒரு வீட்டார் மட்டும் சுத்தம் செய்து பயனில்லை. ஒரு தெருவில் உள்ள மகளிர் குழுவினர் ஒரே வாரத்தில் செய்தால்தான் பயன் நிலைக்கும்.

கண்டறியும் முறை

கால்நடை அலுவலர் பகலில் கிராமத்துக்குச் செல்கிறார். அவ்வேளையில் சிவப்புச் செள் கோழியின் உடலில் இராது. கோழியைப் பிடித்துப் பார்த்துவிட்டுச் செள் இல்லை என்று அவர் கூறினால், அக்கூற்று அரைப் பரிசோதனையின் முடிவே. கூண்டின் கழிகள் சுவரைத் தொடும் மூலைகளையும், மூங்கிலின் கணுக்களையும், சட்டங்களின் அடிப்பக்கத்தையும் கத்தி முனையால் கீறிப் பார்க்க வேண்டும். உப்பும் மிளகும் தூவியது போன்ற சாம்பல் நிறத் தூள் தென்பட்டால் அது செள்ளின் கழிவும் உரித்த தோலும் ஆகும். அதைக் காகிதத்தில் வைத்து நசுக்கினால் இரத்தக் கறை படியும்.

இதனினும் உறுதியான சோதனை ஒன்றுண்டு. கோழிகள் அடையும் முன் கழியின்மீது வெள்ளைத் துணியையோ காகிதத்தையோ சுற்றிவைத்து, இருட்டி இரண்டு மணி நேரம் கழித்துக் கைவிளக்கு வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். சிவந்த புள்ளிகள் ஊர்வது தெளிவாகத் தெரியும். இதற்கு அலுவலர் தேவையில்லை. ஒருமுறை காட்டிக்கொடுத்தால் வீட்டுப் பிள்ளைகளே செய்துவிடுவர்.

வெப்பமண்டலச் செள்ளைப் பகலிலேயே காணலாம். எருவாயைச் சுற்றியுள்ள இறகுகள் கறுத்து, ஒன்றோடொன்று ஒட்டி அழுக்கேறியிருக்கும். முட்டை எடுக்கும்போது கையில் ஏதோ ஊர்வது போன்ற உணர்வு தோன்றும். மனிதர் உடலில் இச்செள் நிலைத்து வாழாது. ஆயினும் கடித்துத் தடிப்பும் அரிப்பும் உண்டாக்கும். கோழிகளோடு ஒரே அறையில் படுக்க நேரும் ஏழைக் குடும்பங்களில் குழந்தைகளின் தோல் அரிப்புக்கு மருந்து தேடுமுன் கூடையைப் பார்ப்பது தகும். கால் செள்ளுக்குச் சோதனையே வேண்டியதில்லை. கால் செதிள்கள் எழும்பி, சுண்ணாம்பு பூசியது போல் வெளுத்துத் தடித்து, கோழி நொண்டத் தொடங்கும்.

கூண்டுக்கே முதல் சிகிச்சை

அசாமிலும் வடகிழக்கின் பிற மாநிலங்களிலும் தரையிலிருந்து உயர்த்திய மூங்கில் கூடுகள் வழக்கில் உள்ளன. ஈரத்திலிருந்தும் பாம்பிலிருந்தும் காப்பதில் இவை சிறந்தவை. ஆனால் பிளந்த மூங்கிலின் ஒவ்வொரு கணுவும், கட்டிய கயிற்றின் ஒவ்வொரு முடிச்சும் செள்ளுக்கு அறை போன்றது. மண்சுவர்க் கூண்டுகளில் வெடிப்புகள் அப்பணியைச் செய்கின்றன. இரும்பு வலைக் கூண்டில் இடுக்குகள் குறைவு. எனினும் அதன் மரச்சட்டமும் மேலே போர்த்திய சாக்கும் புகலிடங்களே.

சிகிச்சையைக் காலையில், கோழிகள் மேயச் சென்றபின் தொடங்க வேண்டும். அவ்வேளையில்தான் சிவப்புச் செள் அனைத்தும் கூண்டுக்குள் இருக்கும். எச்சத்தையும் பழைய வைக்கோலையும் சாக்கையும் வாரி எரித்துவிட்டு, கழற்றக்கூடிய பகுதிகளை எல்லாம் கழற்றி, சுரண்டி, சோப்பு நீரால் தேய்த்துக் கழுவ வேண்டும். கணுக்களிலும் முடிச்சுகளிலும் கொதிநீரை ஊற்ற வேண்டும். 45 பாகை செல்சியஸைத் தாண்டிய வெப்பம் நீடித்தால் இச்செள் மடிகிறது. கோடைகால உச்சிவெயிலில் தகரத்தின்மேல் பரப்பிவைத்த மூங்கில் சட்டங்கள் இவ்வெப்பத்தை எளிதில் எட்டும். இரும்புப் பகுதிகளைத் தீயில் வாட்டலாம். மூங்கிலிலும் கூரையிலும் தீயைக் காட்டி வீட்டையே இழக்கக்கூடாது.

காய்ந்தபின் இடுக்குகளில் எண்ணெய் விட வேண்டும். வேப்பெண்ணெயைச் சோப்பு நீரில் கலக்கித் தெளிப்பதும் பயன் தரும். எண்ணெய் செள்ளின் உடலைப் போர்த்து மூச்சை அடைப்பதால், பூச்சிக்கொல்லிக்கு ஈடுகொடுத்துப் பழகிய செள்ளும் இதற்குத் தப்புவதில்லை. பின்னர் வெடிப்புகளை மண்ணாலோ சுண்ணச் சாந்தாலோ அடைத்து, புதிதாக நீர்த்த சுண்ணாம்பால் வெள்ளையடிக்க வேண்டும். வெள்ளையடிப்பது அழகுக்காக என்று எண்ணுவோர் உண்டு. அது மூடும் நுண்ணிய துளைகளின் எண்ணிக்கையில்தான் அதன் மதிப்பு உள்ளது.

அமரும் கழி பற்றி ஒரு சொல். அது இழைத்த வழவழப்பான கழியாக, சுவரைத் தொடாமல், கால்களின்மேல் நிற்பதாக இருக்க வேண்டும். அக்கால்கள் ஒவ்வொன்றையும் எண்ணெய் ஊற்றிய சிறு தகரக் குவளையில் நிறுத்தினால், செள் கோழியை அடையும் வழி அடைபடுகிறது. சமையலறை அலமாரியின் கால்களை எறும்புக்கு அஞ்சி நீர்க் கிண்ணத்தில் நிறுத்தும் வீடுகளுக்கு இம்முறையை விளக்கிக் கூற வேண்டியதில்லை.

இவ்வளவும் செய்தபின் ஏழாம் நாள் மீண்டும் ஒருமுறை, பதினான்காம் நாள் மற்றொரு முறை எனக் கொதிநீரும் எண்ணெயும் தொடர வேண்டும். முட்டைகள் முதல் சிகிச்சைக்குத் தப்பிவிடுகின்றன. அவை பொரிந்து, வளர்ந்து, மறுபடி முட்டையிடும் முன் தாக்க வேண்டும் என்பதே இடைவெளிக்குக் காரணம். நடைமுறையில் பெரும்பாலான முயற்சிகள் தோற்பது இந்த இரண்டாம் சுற்றைச் செய்யாமல் விடுவதால்தான். முதல் நாள் சுத்தம் கண்ணுக்கு நிறைவளிக்கிறது. ஏழாம் நாள் அறுவடையோ சந்தையோ குறுக்கிடுகிறது.

கோழியின் உடலுக்கு

உடலில் வாழும் செள்ளுக்கு பெர்மெத்ரின் சேர்ந்த தூளையோ கரைசலையோ கால்நடை மருத்துவர் குறிக்கும் அளவில் எருவாய்ப் பகுதி, சிறகடி, தொடை ஆகிய இடங்களில் இறகின் அடிவரை படுமாறு இட வேண்டும். முதுகில் மட்டும் தூவுவது வீண். கரைசலாயின் வெயில் உள்ள காலை வேளையே ஏற்றது. இதுவும் ஏழு நாட்கள் கழித்து மீண்டும் செய்ய வேண்டியதே.

கோழி தானே செய்துகொள்ளும் சிகிச்சை புழுதிக்குளியல். மழைக்காலத்தில் புறக்கடை முழுதும் சேறாகும்போது இவ்வாய்ப்பு போய்விடுகிறது. செள் பெருகுவதற்கு ஈரம் மட்டுமின்றி இதுவும் ஒரு காரணம். கூரையின் கீழ் ஒரு பழைய கூடையிலோ குழியிலோ உலர்ந்த மண்ணும் அடுப்புச் சாம்பலும் கலந்து வைத்தால் போதும். கலிபோர்னியாவில் நிகழ்ந்த ஆய்வு ஒன்றில், புழுதிப் பெட்டியில் கந்தகத் தூள் சேர்க்கப்பட்டபோது, வடபுலக் கோழிச் செள் என்னும் உறவினம் அப்பெட்டியில் புரளாத கோழிகளிடமிருந்தும் ஏறத்தாழ மறைந்துவிட்டது கண்டறியப்பட்டது. கந்தகத் தூள் உழவர் கடைகளில் கிடைப்பதே. கண்ணுக்கும் மூச்சுக்கும் உறுத்தலாக இருப்பதால் மூக்கைத் துணியால் மூடிக்கொண்டு கலக்க வேண்டும்.

கால் செள்ளுக்கு வெதுவெதுப்பான சோப்பு நீரில் காலை ஊறவைத்து, தளர்ந்த செதிளை மென்மையாகத் தேய்த்து நீக்கி, வேப்பெண்ணெயோ வாசலினோ தடவ வேண்டும். வாரம் இருமுறையாகச் சில வாரங்கள் தொடர வேண்டும். மண்ணெண்ணெயில் காலை முக்குவதும், சூடு போடுவதும் கோழியைப் புண்ணாக்கும் கொடிய முறைகள்.

நஞ்சும் முட்டையும்

1970களிலும் 1980களிலும் வெளிவந்த கோழி வளர்ப்புக் கையேடுகள் செள்ளுக்கு பி.எச்.சி. தூளையும் கார்பரில் தூளையும் தயக்கமின்றிப் பரிந்துரைத்தன. அவை அக்கால அறிவு. பி.எச்.சி. இந்தியாவில் 1997ஆம் ஆண்டும், அதன் தூய வடிவமான லிண்டேன் 2013ஆம் ஆண்டும், கார்பரில் 2018ஆம் ஆண்டும் தடை செய்யப்பட்டன. டைகுளோர்வாஸ் 2020ஆம் ஆண்டு இறுதியோடு விலக்கப்பட்டது. பழைய கையேட்டைப் பார்த்துப் பயிற்சி அளிப்போர் இதனைக் கருத்தில் கொள்ளுதல் வேண்டும். பரணில் கிடக்கும் பழைய பொட்டலத்தைச் செள்ளுக்குப் பயன்படுத்தும் குடும்பங்கள் இல்லாமலில்லை.

இதன் தீங்கு எத்தகையது என்பதை 2017ஆம் ஆண்டு ஐரோப்பாவில் நிகழ்ந்த ஒன்று காட்டியது. நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் சிவப்புச் செள்ளை ஒழிக்கக் கோழிப் பண்ணைகளில் தெளிக்கப்பட்ட மருந்தில், உணவுக்கான பறவைகளுக்குப் பயன்படுத்த அனுமதி பெறாத ஃபிப்ரோனில் கலந்திருந்தது. முட்டைகளில் அதன் எச்சம் காணப்பட்டதும் கோடிக்கணக்கான முட்டைகள் பல நாடுகளின் கடைகளிலிருந்து திரும்பப் பெற்று அழிக்கப்பட்டன. ஆய்வுக்கூடங்கள் மலிந்த நாடுகளானபடியால் அது வெளிவந்தது. இந்தியாவில் ஃபிப்ரோனில் நெல், கரும்புப் பூச்சிகளுக்கு விற்கப்படும் மருந்து. உழவர் வீட்டில் கைக்கெட்டும் தொலைவில் இருப்பது. அதைக் கூண்டில் தெளித்தால் மறுநாள் எடுக்கும் முட்டையைச் சோதிப்பார் எவருமில்லை. அம்முட்டையைச் சந்தைக்கு அனுப்பாமல் வீட்டுக் குழந்தைக்கே அவித்துக் கொடுப்பதுதான் புறக்கடை வளர்ப்பின் நோக்கமும் சிறப்பும் ஆகும். வயல் மருந்து கூண்டுக்கு ஆகாது என்பதைப் பயிற்சியின் முதல் பாடமாக வைப்பது பொருந்தும்.

ஆடுமாடுகளுக்குப் போடும் ஐவர்மெக்டினைக் கோழிக்கும் கொடுக்கும் பழக்கம் பரவிவருகிறது. சிறிது நேரமே குடித்து விலகும் சிவப்புச் செள்ளை இது அவ்வளவாகத் தாக்குவதில்லை. மருந்தின் எச்சமோ முட்டையில் தங்குகிறது. கால்நடை மருத்துவரின் கட்டளையின்றி இதனைக் கொடுத்தல் கூடாது. கொடுத்தால் அவர் சொல்லும் நாட்கள் வரை முட்டையை உண்ணலாகாது. ஐரோப்பிய ஒன்றியம் 2017ஆம் ஆண்டு ஃப்ளூராலனர் என்னும் மருந்தைக் குடிநீரில் ஏழு நாள் இடைவெளியில் இருமுறை கொடுக்க அனுமதித்தது. அதற்கும் அதே ஏழு நாள் கணக்கே அடிப்படை.

திட்டப் பணியில் செய்யத்தக்கவை

2014-15ஆம் ஆண்டு தொடங்கிய தேசிய கால்நடை இயக்கத்தின் கீழ், வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள குடும்பங்களுக்கு நான்கு வாரக் குஞ்சுகள் தாய் மையங்களில் வளர்க்கப்பட்டுத் தவணைகளாக வழங்கப்பட்டன. 2021-22இல் இவ்வியக்கம் திருத்தியமைக்கப்பட்டு, குறைந்தது 1,000 தாய்க்கோழிகளுடன் குஞ்சு பொரிப்பகமும் வளர்ப்பகமும் அமைப்போருக்கு 25 லட்சம் ரூபாய் வரம்புக்குட்பட்டு 50 சதவீத மானியம் என்ற ஏற்பாடு வந்தது. இரண்டு முறைகளிலும் பல கிராமங்களுக்குச் செல்லும் குஞ்சுகள் ஓரிடத்தில் வளர்கின்றன. அவ்வோரிடத்தில் செள் புகுந்தால் குஞ்சுக் கூடைகளோடு அது ஒரே பருவத்தில் எல்லாக் கிராமங்களுக்கும் செல்லும். எனவே ஒரு தொகுதிக் குஞ்சுகள் வெளியேறி அடுத்தது வருமுன் வளர்ப்பகத்தையும் கூடைகளையும் மேற்கூறிய முறையில் சுத்தம் செய்யாத மையத்திலிருந்து குஞ்சு வாங்க மறுக்கும் அதிகாரம் வட்டார அலுவலருக்கு இருப்பது நல்லது. கூரையில் சிட்டுக்குருவியும் மைனாவும் புறாவும் கூடு கட்டாதபடி வலையிடுவதும் இம்மையங்களுக்கு அவசியம். வெப்பமண்டலச் செள் அப்பறவைகளிலும் வாழ்கிறது.

தேசிய ஊரக வாழ்வாதார இயக்கத்தின் வழிப் பயிற்சி பெற்ற ‘பசு சகி’ மகளிர், கிராமத்திலேயே வசிப்பவர்கள். வெள்ளைத் துணிச் சோதனையை இரவில் செய்து காட்ட அவர்களால் இயலும். திட்டக் கணக்கில் குஞ்சு, தீவனம், தடுப்பூசி ஆகியவை எண்ணி எழுத எளியவை. கூண்டைச் சுரண்டிக் கழுவும் உழைப்புக்கு அப்படி ஒரு பத்தி எளிதில் அமைவதில்லை. அது வீட்டுப் பெண்ணின் ஊதியமற்ற வேலையாகவே விடப்படுகிறது. சுண்ணாம்பு, எண்ணெய், கந்தகம் ஆகியவற்றுக்கான சிறு தொகையைக் குஞ்சு வழங்கும் செலவோடு சேர்ப்பதும், ஏழாம் நாள், பதினான்காம் நாள் வேலைகளைக் குழுக் கூட்ட நாட்களோடு பொருத்துவதும் எளிதில் செய்யக்கூடியவை.

புதுக் குஞ்சு வரும் வீட்டில் பழைய கூண்டு இருந்தால், குஞ்சு வழங்கும் நாளுக்கு மூன்று வாரம் முன்பே சுத்தம் தொடங்க வேண்டும். அப்போதுதான் மூன்று சுற்றுகளும் முடிந்து சுண்ணாம்பும் உலர்ந்திருக்கும். சந்தையில் வாங்கிய கோழியையோ கடன் வாங்கிய சேவலையோ மற்றவற்றோடு விடுவதற்கு முன் இரண்டு வாரம் தனிக் கூடையில் வைத்து, எருவாயையும் கால்களையும் பார்த்துவிட வேண்டும். அக்கூடையின் அடியில் விரித்த வெள்ளைக் காகிதத்தை முதல் இரவே எடுத்துப் பார்க்கலாம்.